தம்பியிடம் சொன்னது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். எழுத்தாளர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பொய் அல்ல இது. மழைக்கு ஒதுங்கிய ஒரு பட்டறையில், சூடான தேநீரைக் கையில் கொடுத்த மனிதரின் கண்ணைப் பார்த்து, நாற்பத்தாறு வயதுக்காரி ஒருத்தி சொன்ன பச்சைப் பொய். அந்த ஒருத்தி நான்தான்.

இதற்கு முன் நான்கு முறை தொடங்கினேன். முதல் தொடக்கம் இப்படிப் போனது: "அணையிலிருந்து கடல்வரை செல்லும் அந்தப் பழைய கால்வாயின் கரையில் அவள் முதல் அடியை எடுத்துவைத்தபோது, விடியலின் பொன்னிற

அங்கேயே விட்டுவிட்டேன். முதல் அடி எடுத்துவைத்தபோது மணி பத்தே முக்கால். பேருந்து தாமதம். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டாவதில் அவளை அவனாக மாற்றிப் பார்த்தேன். ஓர் ஆண் நடந்தால் ஏன் நடக்கிறாய் என்று யாரும் குடைய மாட்டார்கள். குடையாவிட்டால் பொய் இல்லை, பொய் இல்லாவிட்டால் கதையும் இல்லை. மூன்றாவதை என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "யாரு இவங்க?" என்றார். நான்காவதைக் காணவில்லை.

ஆகவே, நடந்ததை நடந்தபடி.

2

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பது, வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்ப்பது, மூக்கில் அழுந்துகிறது என்று திரும்பி வருகிறவர்களின் சட்டத்தை வளைத்துக் கொடுப்பது. ஒரு நாளைக்கு இருபது முகங்களை ஒரு சாண் தூரத்தில் பார்க்கிறேன். அதற்கு மேல் தூரத்தில் எதையும் பார்ப்பதில்லை. கடைக்கு எதிரே சுவர்தான். மாலை வேளைகளில் கதை எழுதுவேன்.

வீட்டுக்காரர் அச்சகத்தில் தாள் வெட்டும் எந்திரத்தில் இருக்கிறார். ஓர் இழை பிசகினால் கட்டு முழுவதும் குப்பை. அந்தப் பழக்கம் பேச்சிலும் ஊறிவிட்டது. தேவைக்கு மேல் ஒரு சொல் வராது.

எனக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு சேர்ந்திருந்தது. கால்வாய்க்கரை நடைபாதை நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்; ஒன்பது நாளில் முடிக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன்.

"நடக்கப் போறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "சாவிய எங்க வெச்சுட்டுப் போற?" என்றார். அவ்வளவுதான் எங்கள் வழியனுப்பு விழா.

(இந்த இடத்தில் ஒரு காரணம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார். "ஒரு சாவு, ஒரு பிரிவு, ஏதாச்சும் வையுங்களேன். சும்மா நடக்கறான்னா எப்படிங்க நிக்கும் கதை?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.)

3

முதல் இரண்டு நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கல். முதல் நாள் மாலை வலது குதிகாலில் ஒரு கொப்புளம். இரண்டாம் நாள் அதற்குத் துணையாக இடது பெருவிரலில் இன்னொன்று. மதகுக் காவலர் குடியிருப்புகளில் நடைபயணிகளுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள், அங்கே தங்கினேன். யாரோடும் பேசவில்லை. சந்தோஷமாக இருந்தேன். (சந்தோஷத்தை எழுதத் தெரிந்திருந்தால் கதையை இங்கேயே முடித்திருப்பேன்.)

மூன்றாம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மரம் இல்லை. முதுகுப் பையின் உறை கிழிந்திருந்ததால் மாற்றுத் துணியும் ஊறிவிட்டது. முக்கால் மணி நேரம் நனைந்து நடந்தபின் தகரக் கூரை போட்ட ஒரு பம்புப் பட்டறை தெரிந்தது. உள்ளே ஒருவர் தரையில் சம்மணமிட்டு, ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. அந்தக் கம்பிய மட்டும் மிதிச்சிடாதீங்க."

துண்டு வந்தது. தேநீர் வந்தது. பின்கட்டிலிருந்து அவர் மனைவி தன்னுடைய உடை ஒன்றைக் கொண்டுவந்தார். மடிப்புக் கலையாத, வெளியே போகும்போது உடுத்துகிற உடை. பட்டறைக்காரர் என் காலணிகளை வாங்கி, மோட்டார்ச் சுருளை உலர்த்தும் சூட்டுப்பெட்டியின் மேல் கவிழ்த்துவைத்தார்.

"எங்க போறீங்க?"

"கடல் வரைக்கும்."

"பஸ் போகுதே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் நடக்கறீங்க?"

"சும்மாதாங்க."

அவர் கம்பி சுற்றுவதை நிறுத்தினார். "சும்மான்னா?"

கோபமில்லை, கிண்டலில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அவர் மனைவி என் ஈரத் துணிகளைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றார். அவருடைய நல்ல உடைக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். இத்தனையும் செய்கிறவர்களிடம், ஊர் சுற்ற வந்தேன் என்று எப்படிச் சொல்வது? நாக்கு தானாகப் புரண்டது.

"என் தம்பிக்காக."

"தம்பிக்கு என்ன?"

"உடம்பு சரியில்ல. இந்தக் கரையில முழுசா நடக்கணும்னு அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. இனிமே அவனால முடியாது."

"கிட்னியா?" என்று அவரே கேட்டார். தலையாட்டினேன்.

எனக்குத் தம்பி கிடையாது. அண்ணன், அக்கா, தங்கை யாரும் கிடையாது. வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை நான்.

4

மறுநாள் காலை கிளம்பும்போது பட்டறைக்காரர் சொன்னார்: "அடுத்த ஊர்ல சலவைக்கடை வெச்சிருக்கிற அக்காவுக்குச் சொல்லிட்டேன். நேரா அங்க போயிடுங்க. வேற எங்கயாச்சும் தங்குனீங்கன்னு தெரிஞ்சா எனக்குத்தான் திட்டு விழும்."

பொய் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டது. அதற்குக் கொப்புளம் கிடையாது அல்லவா. ஒன்பது மணிக்கு எதிரே சைக்கிளில் வந்தவர் ஒரு காலை ஊன்றி நின்று, "தம்பிக்காக நடக்கறவங்க நீங்கதானே?" என்றார். கூடையிலிருந்து நாலு வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தார். தம்பிக்கு என்ன வயது என்றார், முப்பத்தொன்பது என்றேன். என்ன வேலை என்றார். பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார் என்றேன். அடுத்த மதகில் காவலர், பூட்டியிருக்க வேண்டிய குறுக்குப் பாலத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். எனக்கு மூன்று கிலோமீட்டர் நடை மிச்சமானது. "வாத்தியார விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று பகல் முழுவதும் நான் குற்ற உணர்ச்சியில் வெந்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஒரு பாத்திரம் உருவாகும்போது வரும் போதை எனக்குத் தெரியும், அதுதான் இருந்தது. தம்பி பிடிவாதக்காரன். வகுப்பில் வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "உலகம் மேலே கீழேன்னு ஒண்ணும் இல்லடா" என்பான். கல்யாணம் பேசினால் எழுந்து போய்விடுவான். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அவன் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. பதினைந்தாவது கிலோமீட்டரில் அவனுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்ற நினைப்பில் கண் கலங்கிற்று.

இந்தப் பாத்திரத்தை நம்ப முடிகிறதா என்று உங்களைக் கேட்கலாம். நாலு பேர் நம்பிவிட்டார்கள். அதுதான் சிக்கல்.

5

சலவைக்கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். முன்னறையில் இரண்டு பெரிய சலவை எந்திரங்கள், எண் தைத்த துணி மூட்டைகள் அடுக்கிய தட்டுகள். பின்னறையில் இஸ்திரி மேசை. முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் பழைய சூட்டுத் தழும்புகள். நான் உள்ளே நுழைந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் காலோடவா வந்தே?"

வெந்நீரில் உப்புப் போட்டு என் கால்களை வைக்கச் சொன்னார். நான் தடுக்கத் தடுக்கத் தானே துடைத்துவிட்டார். வெடித்த கொப்புளத்தின் மேல் மருந்து வைத்துக் கட்டினார். பாதம் முழுக்க வீங்கியிருந்தது. என் காலணி எனக்கு அரை அளவு சின்னது என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அவர் கணவர் மூன்று வருடம் படுக்கையில் கிடந்து, இரண்டு வருடத்துக்கு முன் இறந்தவர். அந்தக் கைகளுக்குப் பழக்கமிருந்தது.

காலையில், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, "தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசணுமே" என்றார்.

"அவன் தூங்கிட்டிருப்பான்க்கா."

"மணி எட்டாகுது. சீக்காளிங்க சீக்கிரம் முழிச்சிடுவாங்க. போடு."

வேறு வழி தோன்றவில்லை. வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

"சொல்லும்மா" என்றார்.

"தம்பி," என்றேன். "நான் அக்கா பேசறேன்."

அந்தப் பக்கம் அச்சகத்தின் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டுச் சத்தம் அடங்கியது.

"சொல்லுக்கா" என்றார்.

(இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி எது என்று கேட்டால் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன். முதல் வரைவில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

"நான் தங்கியிருக்கிற வீட்டு அக்கா உன்கிட்டப் பேசணுமாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் சலவைக்கடை அக்கா தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "தம்பி, நல்லாருக்கீங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே பின்னறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினோரு நிமிடம். எந்திரம் சுற்றி முடித்து நின்றுவிட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். தொலைபேசியைத் துணியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். கூடவே ரப்பரில் செய்த வெந்நீர்ப் பை ஒன்று. "எங்க வீட்டுக்காரர் வெச்சிருந்தது. தம்பிக்குக் குடு. முதுகு வலிக்கும் அவருக்கு."

6

அந்தப் பதினோரு நிமிடத்தில் என்ன பேசினார்?

இது எனக்குத் தெரியாது. கதையின் நடுவில் இப்படி ஓர் ஓட்டையை வைத்துக்கொண்டு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிரப்பப் பார்க்காமல் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் படுத்திருந்தப்ப ஒரு நாள் நான்

"தம்பி, இத நான் யார்கிட்டயும்

"சாகற வரைக்கும் அவர் என்னப் பாத்த பார்வை இருக்கே, அத

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றும் நன்றாக இல்லாததால் அல்ல. மூன்றாவது நன்றாகவே வந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

7

மிச்ச ஐந்து நாள் நடை, வெட்கத்தைச் சுமந்து நடந்த நடை. எந்த ஊரிலும் நான் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற அம்மா தன் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தார். படகுத்துறைக் காவலாளி நாலு கிலோமீட்டர் கூடவே நடந்து, என் பையைச் சுமந்தார். தம்பியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. தம்பிக்கென்று தேன் கொடுத்தார்கள், கம்பளித் தொப்பி கொடுத்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். சொன்னால் முந்தைய வாசல்களில் இருந்தவர்களெல்லாம் ஏமாளிகள் ஆகிவிடுவார்களே என்று மூடிக்கொண்டேன். நான் ஏமாற்றுக்காரி ஆகிவிடுவேனே என்பதும் உண்டு. அதை இரண்டாவதாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் கடல். கால்வாய் முடிகிற கடைசிக் கல்லின் மேல் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வருவதாகச் சொல்லவேயில்லை. மடியில் ஒரு பெட்டி. எழுந்து வந்து, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கீழே குனிந்து காலைப் பார்த்தார். பெட்டிக்குள் புதுச் செருப்பு. என் பழைய காலணியைவிட அரை அளவு பெரியது.

"அந்தக்கா சொன்னாங்க" என்றார்.

"வேற என்ன சொன்னாங்க?"

"கால் வீங்கியிருக்குன்னாங்க. பிடிவாதக்காரின்னாங்க."

"பதினோரு நிமிஷம் பேசுனாங்க."

"ஆமா."

"மத்தது?"

செருப்பின் வாரை என் காலுக்கு ஏற்றபடி தளர்த்திக்கொண்டே சொன்னார்: "மத்தது தம்பிகிட்டச் சொன்னது."

8

ஊருக்கு வந்தபிறகும் தம்பி உயிரோடு இருந்தான். வாரம் ஒரு முறை சலவைக்கடை அக்காவிடமிருந்து செய்தி வரும்: "தம்பிக்கு எப்படி?" நான் "பரவாயில்லக்கா" என்று அனுப்புவேன். மூன்றாம் மாதம் இந்தச் செய்தி வந்தது: "வர்ற ஞாயிறு நானும் பட்டறைக்காரரும் தம்பியப் பாக்க வர்றோம். விலாசம் அனுப்பு."

இதுவரை நான் எழுதிய கதைகளில் முடிவை மாற்றி மாற்றிப் பார்த்தது பொழுதுபோக்கு. இந்தத் தடவை அப்படி இல்லை.

முதல் முடிவு: தம்பிக்குக் குணமாகிவிட்டது, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். அக்கா சந்தோஷப்படுவார். எந்த மருத்துவர், என்ன வைத்தியம் என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த வேறு நோயாளிகளுக்குச் சொல்வார். அவர்கள் நம்பிக்கையோடு கிளம்புவார்கள். வேண்டாம்.

இரண்டாம் முடிவு: தம்பி இறந்துவிட்டான். இதைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பின்னால் நின்று படித்திருக்கிறார்.

"அவனக் கொல்லாத" என்றார்.

"வேற என்ன பண்றது?"

"என்ன வேணா பண்ணு. ஃபோன்ல அவன் நான்தான். அந்தக்கா இன்னொரு தடவை அழக் கூடாது."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசுவது அபூர்வம். தாளை மடித்துவைத்தேன்.

9

வியாழக்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். நான்கு நாள் நடந்து சேர்ந்த இடத்துக்கு மூன்று மணி நேரம். அக்கா இஸ்திரி மேசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நேரில் வந்தால் சாவுச் செய்தி என்று நினைத்திருக்கிறார். அதனால் சுற்றி வளைக்க நேரமில்லை.

"அக்கா, எனக்குத் தம்பியே கிடையாது. நான் சொன்னது பொய்."

"என்னது?"

"தம்பின்னு யாருமே இல்லக்கா."

"அப்ப யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்ல?"

"இல்ல."

"அது வரைக்கும் நல்லது" என்றார். இரண்டு சட்டைகளை இஸ்திரி போட்டு முடித்தார். நான் வெந்நீர்ப் பையை மேசை ஓரத்தில் வைத்தேன். பிறகுதான் அவருக்கு அது தோன்றியது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தார்.

"அப்ப ஃபோன்ல யாரு?"

"என் வீட்டுக்காரர்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தழும்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கால் தொடச்சு விட்டது, சோறு போட்டது, அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லம்மா. வேடிக்கை பாக்க வந்தேன்னு சொல்லியிருந்தாலும் செஞ்சிருப்பேன். அந்தக் காலப் பாத்துட்டு யார்தான் செய்ய மாட்டாங்க? ஆனா ஃபோன்ல நான் சொன்னது அப்படி இல்ல. என் பிள்ளைங்ககிட்டக்கூடச் சொல்லாதது அது. படுத்திருக்கிறவருக்குத் தெரியட்டும்னு சொன்னேன். பாத்துக்கிறவங்களுக்கு மனசுல என்னெல்லாம் ஓடும்னு தெரிஞ்சா, நீ ஒரு நாள் எரிஞ்சு விழுந்தாலும் உன்ன மன்னிப்பாரேன்னு சொன்னேன். உனக்காகத்தாம்மா சொன்னேன்."

மன்னிப்புக் கேட்பதற்கென்று பேருந்தில் மூன்று மணி நேரம் வாக்கியங்கள் தயார்செய்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் உன்கிட்டச் சொல்லிட்டாரா?"

"இல்லக்கா. கேட்டேன். சொல்லல."

"எத்தன தடவ கேட்ட?"

"நாலு தடவ."

"நாலு தடவையும் சொல்லல?"

"சொல்லல."

அடுத்த சட்டையை எடுத்து உதறினார். காலரை நீவினார். முதுகுப்பக்கம் முழுவதையும் தேய்த்து முடித்தார்.

"ஞாயித்துக்கிழமை அவர வரச் சொல்லு" என்றார். "நீ வேண்டாம். அவர் மட்டும்."

நான் வாசலை அடைந்தபோது கூப்பிட்டார். "பட்டறைக்காரர்கிட்ட நீயே போய்ச் சொல்லணும். ஃபோன்ல இல்ல, நேர்ல."

போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், வாத்தியாருக்கு ஒண்ணும் இல்லையாம்!" அந்த அம்மா வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இன்றுவரை அவர் என்னிடம் பேசவில்லை. எல்லாரும் மன்னித்தார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. மன்னிக்கவில்லை.

10

ஞாயிறு காலை வீட்டுக்காரர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். சலவைக்கடைக்காரர் முன்னால் சுருக்கத்தோடு போய் நிற்க முடியாதாம். ஆறரை மணிப் பேருந்து. நான் நாள் முழுவதும் இந்தக் கதையை எழுத உட்கார்ந்து, மேசையைத் துடைத்தேன், இழுப்பறையை ஒழித்தேன், பழைய மூக்குக் கண்ணாடிகளின் திருகுகளை முடுக்கினேன்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார். முகம் களைத்திருந்தது, கலங்கியிருந்ததா என்று ஒரு சாண் தூரத்தில் பார்த்துப் பழகிய எனக்கே தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார்.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"ஆச்சு. அவங்க வீட்லயே."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார்.

"அடுத்த மாசமும் வரச் சொன்னாங்க."

"என்னையா?"

"என்னை."

இங்கே மூன்று முடிவுகள் எழுதலாம். எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். ஐந்தாவது தடவை நான் அவரிடம் கேட்கப் போவதில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் நீங்களே அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பார், மாதத்தின் முதல் ஞாயிறு தவிர.